மறுப்பும் எழுத்தில் வேண்டும்

கல்லூரி வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் ஒரு மாணவியும் நானும் அவளுடைய விடைத்தாள் நகலை விரித்து வைத்தோம். முதல் பக்கத்தில் கேள்வி எண் வாரியாக மதிப்பெண் கட்டங்கள். திருத்தியவரின் சிவப்பு மை நகலில் சாம்பலாக வெளுத்திருந்தது. பதினான்காம் பக்கத்தில் ஒரு நெடுவினாவின் ஓரத்தில் 9 என்று எழுதி வட்டமிட்டிருந்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் பார்த்தால் அந்தக் கேள்விக்கு நேரே கட்டம் காலி. அந்தப் பெண்ணுக்குத் தேர்ச்சிக்குக் குறைந்தது ஏழே மதிப்பெண்.

அதன்பின் அவள் மூன்று முறை தேர்வுப் பிரிவு ஜன்னலில் போய் நின்றாள். முதல் முறை, “சிஸ்டத்துல ஏறிடுச்சும்மா, இனி ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்கள். இரண்டாம் முறை, “சூப்பிரண்டெண்ட் லீவு, திங்கக்கிழமை வா.” மூன்றாம் முறை, “ரீவேல்யூவேஷனுக்குத் தேதி முடிஞ்சுபோச்சு. எதுக்கு அலையிறே, அடுத்த செமஸ்டர்ல எழுதிடு.” யாரும் கடுமையாகப் பேசவில்லை. ஆனால் மூன்று முறையும் வாய்வார்த்தைதான். அவள் வந்தாள், கேட்டாள், மறுக்கப்பட்டாள் என்பதற்கு அந்த அலுவலகத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பட்டா கேட்டு வரும் பாட்டியின் மனுவுக்குக்கூட ஓர் எண் கிடைக்கிறது. பட்டப்படிப்பு படிக்கும் மாணவிக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவளுக்காகவே எழுதப்பட்ட விதிகள் இந்த நாட்டில் இருக்கின்றன. அவை அவளுக்கு எந்த அளவுக்கு உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதைப் பாரபட்சமின்றி எடைபோடுவதே இந்தக் கட்டுரையின் வேலை.

விதி தரும் உரிமை

பல்கலைக்கழக மானியக் குழுவின் மாணவர் குறைதீர்ப்பு விதிகள் 2023 ஏப்ரல் 11 அன்று அரசிதழில் வந்தன. 2012இல் ஒரு வடிவம், 2019இல் இன்னொரு வடிவம் என்று மாறி வந்ததன் இன்றைய உரு இது. 2019 விதிகளில் துறை, கல்லூரி, பல்கலைக்கழகம் எனப் பல அடுக்குகளில் குழுக்கள் இருந்தன. புதிய விதி அவற்றைக் கலைத்துவிட்டு நிறுவனத்துக்குள் மாணவர் குறைதீர்க்கும் குழு, அதற்கு மேலே மேல்முறையீடு கேட்கும் குறைதீர்ப்பாளர் என இரண்டே படிகளை வைத்தது. இணையதளங்களில் இவரை ‘ஆம்பட்ஸ்பர்சன்’ என்று குறிப்பிட்டிருப்பார்கள்.

எவையெல்லாம் ‘குறை’ என்று விதி தரும் பட்டியல் நீளமானது. தகுதி வரிசையை மீறிய சேர்க்கை, இடஒதுக்கீட்டு மீறல், கையேட்டில் பொய்த் தகவல், அறிவித்ததற்கு மேல் கட்டணம், சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பது, விலகியவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தராதது, உதவித்தொகைத் தாமதம், தேர்வும் முடிவும் தள்ளிப்போவது, வெளிப்படையில்லாத மதிப்பீடு, சாதி, பாலினம், சிறுபான்மை, மாற்றுத்திறன் அடிப்படையில் பாகுபாடு, துன்புறுத்தல் என எல்லாம் அதில் உண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றில் நான்கு வருஷம் படித்தவர் யாரும் இந்தப் பட்டியலில் தன் அனுபவம் ஒன்றையாவது காணாமல் இருக்க முடியாது.

காலக்கணக்கும் இருக்கிறது. மாணவர் இணையவழியில் கொடுக்கும் புகாரை நிறுவனம் தன் கருத்துடன் 15 நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு ‘இயன்றவரை’ 15 வேலைநாளுக்குள் அறிக்கை தந்து, அதன் நகலை மாணவருக்கும் அனுப்ப வேண்டும். அதில் திருப்தியில்லை என்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் 30 நாளில் முடிக்க முயல வேண்டும். மாணவர் நேரில் போகலாம், தன் சார்பில் ஒருவரை அனுப்பவும் செய்யலாம். குறைதீர்ப்பாளர் ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ, அனுபவமிக்க ஓய்வுபெற்ற பேராசிரியராகவோ, முன்னாள் மாவட்ட நீதிபதியாகவோ இருக்க வேண்டும். பதவியேற்பதற்கு முந்தைய ஓராண்டிலும் பதவிக் காலத்திலும் அந்தப் பல்கலைக்கழகத்தோடு நலன் சார்ந்த தொடர்பு கூடாது.

இந்த அளவுக்கு எழுதியவர்களைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. முன்பு ‘பிரின்சிபால் மனசு வைக்கணும்’ என்று இருந்ததை, ‘பிரின்சிபால் இத்தனை நாளில் இதைச் செய்ய வேண்டும்’ என்று மாற்றியது பெரிய காரியம். எல்லையின் அகலத்துக்கும் காலக்கெடுவுக்கும் தாராளமாக மதிப்பெண் போடலாம்.

ஆசிரியரின் மதிப்பீட்டைத் தொடலாமா

மதிப்பெண் பற்றிய புகார்களுக்கு விதி ஒரு வேலி போடுகிறது. குறிப்பிட்ட முறைகேடு முடிவைப் பாதித்தது என்றோ, பாகுபாடு நடந்தது என்றோ எடுத்துக்காட்டினால் ஒழிய, மறுமதிப்பீடு கேட்டு வரும் மேல்முறையீட்டைக் குறைதீர்ப்பாளர் ஏற்க மாட்டார். மாணவர்கள் பலர் இதை அநியாயம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

தாள் திருத்தும் முகாம்களில் பல ஆண்டு உட்கார்ந்தவன் நான். ஒரே விடைக்கு இரண்டு நேர்மையான ஆசிரியர்கள் 7உம் 9உம் போடுவது இயல்பு. அந்த வித்தியாசத்தையெல்லாம் வழக்காக்கினால் எந்தத் தேர்வும் முடிவுக்கு வராது. உச்ச நீதிமன்றமும் 1984இல் மகாராஷ்டிரக் கல்வி வாரிய வழக்கில், விதியில் இடமில்லாதபோது மறுமதிப்பீடு கேட்பது உரிமையாகாது என்றது. 2017 டிசம்பரில் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், பிழை ஊகத்துக்கு இடமின்றிப் பளிச்சென்று தெரிந்தால் மட்டும், அதுவும் அரிதாகவே, நீதிமன்றம் தலையிடலாம் என்றது. இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர்களுக்காக 2004ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் வழி இயங்கும் சுதந்திரத் தீர்ப்பாளர் அலுவலகமும் கல்விசார் மதிப்பீட்டுக்குள் நுழைவதில்லை. ஆசிரியரின் தீர்ப்புக்குப் பாதுகாப்பு வேண்டும். அவர் வந்த வழி சரியா என்பது மட்டும் எப்போதும் கேள்விக்கு உட்பட்டிருக்க வேண்டும்.

டீக்கடை பெஞ்சில் பார்த்த காலிக் கட்டம் இதற்கு நல்ல உதாரணம். அந்த விடைக்கு 9 தகுமா 11 தகுமா என்று அவள் கேட்கவில்லை. போட்ட 9 எங்கே போனது என்றுதான் கேட்டாள். அது முறைகேடு, முடிவை மாற்றிய முறைகேடு. வேலி அவளுக்கு எதிரானதல்ல.

ஆனால் முறைகேட்டைக் காட்ட வேண்டுமென்றால் விடைத்தாளைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். அந்த உரிமையைத் தந்தது 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. வழக்கில் கொடுத்த தீர்ப்பு. திருத்தப்பட்ட விடைத்தாள், தகவல் உரிமைச் சட்டத்தின்படி ‘தகவல்’தான்; எழுதியவர் அதைப் பார்க்கலாம், நகல் பெறலாம்; திருத்தியவரின் பெயரை மட்டும் மறைக்கலாம் என்றது. பல்கலைக்கழகமே நகல் தரும் வழியை வைத்திருந்தால் அதற்கான கட்டணம் கட்டி வாங்கலாம். அந்த வழி அடைத்திருந்தால் 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். ஆக, மதிப்பெண் வழக்கில் விதியும் நீதிமன்றத் தீர்ப்பும் கைகோத்து நியாயமான ஒரு கருவியைத் தருகின்றன. இந்தப் பகுதியை நான் குறை சொல்ல மாட்டேன்.

விதி சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல், நியமனம். குறைதீர்ப்பாளரை நியமிப்பது பல்கலைக்கழகம், அமர்வுக் கட்டணம் தருவதும் அதே பல்கலைக்கழகம். மூன்றாண்டு முடிந்தபின் மறுநியமனம் தரக்கூடியதும் அதுவே. யாருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமோ அவரிடமே மறுநியமனத்தை எதிர்பார்க்கும் நிலையில் ஒருவரை வைக்கலாமா? எளிதில் நீக்க முடியாதபடி விதி பாதுகாப்புத் தந்திருக்கிறது; ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி நிலைக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும் என்கிறது. அது நல்லது. ஆனால் நீக்கத்தைவிட மறுநியமன ஆசைதான் மனிதரை அதிகம் வளைக்கும். இந்த நியமனத்தைக்கூடப் பலர் செய்யவில்லை. விதி வந்து ஓராண்டுக்கு மேல் ஆனபின், 2024 ஜூனில் குறைதீர்ப்பாளரை நியமிக்காத 157 பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழுவே வெளியிட வேண்டி வந்தது. அதில் 108 அரசுப் பல்கலைக்கழகங்கள், 47 தனியார், 2 நிகர்நிலை. வசதியில்லை என்ற சாக்கு இங்கே எடுபடாது. ஓய்வுபெற்ற ஒருவருக்கு அமர்வுக் கட்டணம் கொடுக்க முடியாத பல்கலைக்கழகம் ஏது?

இரண்டாவது, குழுவின் அமைப்பு. தலைவர் ஒரு பேராசிரியர், உறுப்பினர்கள் நான்கு மூத்த ஆசிரியர்கள். ஒரு பெண்ணும், பட்டியலின, பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் இருந்தாக வேண்டும். மாணவர் தரப்பில் ஒரே ஒருவர், அவரும் படிப்பிலோ விளையாட்டிலோ சிறந்தவர் என்று நிறுவனம் நியமிக்கும் ‘சிறப்பு அழைப்பாளர்’. குறைந்தபட்ச வருகைக் கணக்கில் அவர் சேர மாட்டார். அவர் வராவிட்டாலும் கூட்டம் நடக்கும், வந்து உட்கார்ந்தாலும் அந்தக் கணக்கில் அவர் இல்லை.

மூன்றாவது மிகவும் வலிக்கும் இடம், பழிவாங்கல். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத் தேர்வுப் பாடங்களுக்கு 100இல் 40 மதிப்பெண் அகமதிப்பீடு. எந்த ஆசிரியர் மீது புகாரோ, அந்த 40 அவர் கையில் இருக்கலாம். ஆய்வு மாணவர் என்றால் நெறியாளரின் ஒரு கையெழுத்தில் ஆண்டுகளே தொங்குகின்றன. ‘இன்டர்னல்ல கைய வச்சிருவாங்க’ என்ற பயத்தால்தான் பெரும்பாலான புகார்கள் எழுதப்படாமலே போகின்றன. 2023 விதிகள் துன்புறுத்தலைக் குறைகளின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. ஆனால் புகார் நடக்கும்போதே மாணவரைக் காக்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை.

எப்படிச் செய்வது என்று மானியக் குழுவுக்குத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக அதே குழு 2015இல் கொண்டுவந்த விதிகளை எடுத்துப் பாருங்கள். விசாரணை முடியும் வரை, குற்றம் சாட்டப்பட்டவர் புகார்தாரரின் தேர்வையோ பணியையோ மதிப்பிடக் கூடாது என்று உள்ளகப் புகார்க் குழு பரிந்துரைக்கலாம். மாணவர் தொடர்பான வழக்கில் இளங்கலை, முதுகலை, ஆய்வு நிலைகளிலிருந்து தேர்தல் மூலம் வந்த மூன்று மாணவர்கள் அந்தக் குழுவில் உட்காருவார்கள். இடைக்காலப் பாதுகாப்பும் மாணவர் பங்கும் நடைமுறையில் சாத்தியம் என்று 2015இல் ஒப்புக்கொண்டவர்கள், எட்டாண்டு கழித்து எழுதிய பொது விதிகளில் இரண்டையும் விட்டுவிட்டார்கள். மறந்ததாகச் சொன்னால் நம்புவது கடினம்.

நான்காவது, காலம். 15 நாள், 15 வேலைநாள், மறுபடி 15, அதன்பின் 30. கூட்டினால் ஏறத்தாழ 80 நாள். எல்லாரும் கெடுவை மதித்து நடந்தாலும் ஒரு செமஸ்டரின் பெரும்பகுதி போய்விடும். உதவித்தொகைக்கும் கட்டணத் திருப்பலுக்கும் இது பொறுக்கக்கூடிய காலம். வருகை குறைவு என்று சொல்லி, நாளை மறுநாள் நடக்கவிருக்கும் தேர்வுக்கு ஹால் டிக்கெட் மறுக்கப்பட்டவருக்கு என்ன பயன்? ‘தேர்வை எழுதட்டும், முடிவை நிறுத்தி வையுங்கள்’ என்று இடைக்கால உத்தரவு போடும் அதிகாரத்தை விதி யாருக்கும் வெளிப்படையாகத் தரவில்லை.

அவர் உயர் நீதிமன்றத்துக்குத்தான் ஓட வேண்டும். அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின்படி சென்னையிலோ மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் இந்த அதிகாரத்துக்கு உட்பட்டதே என்று எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெண்களுக்கும் பட்டியல், பழங்குடி வகுப்பினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். நுகர்வோர் நீதிமன்றம் இங்கே அதிகம் உதவாது. பல்கலைக்கழகம் தேர்வு நடத்துவது வணிகச் சேவை அல்ல என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2010இல் உறுதி செய்தது. ரிட் மனு வலிமையான வழிதான். ஆனால் தூத்துக்குடியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்து, வக்கீல் பிடித்து, இரண்டு நாளில் உத்தரவு வாங்க எத்தனை குடும்பங்களால் முடியும்?

மௌனம் என்னும் ஓட்டை

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. மேல்முறையீட்டுக்கான 15 நாள், குழுவின் முடிவு மாணவர் கைக்கு வந்த தேதியிலிருந்து தொடங்குகிறது. குழு முடிவே எடுக்காவிட்டால்? கெடுவுக்குள் தீராத விஷயங்களைக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் அனுப்ப வேண்டியது மாணவர் அல்ல, பல்கலைக்கழகம். கெடுவுக்கு முன்னால் ‘இயன்றவரை’ என்ற சொல் வேறு நிற்கிறது. ஆக, வெளிப்படையாக மறுத்த குழுவைவிட, ஒன்றுமே சொல்லாமல் கோப்பின் மேல் உட்கார்ந்திருக்கும் குழுவுக்கே இந்த விதி அதிக வசதி செய்து தருகிறது. பேசாமல் இருப்பவருக்குப் பரிசு தரும் சட்டம், பேசாமல் இருக்கவே கற்றுக்கொடுக்கும்.

ஜன்னலில் நடந்ததும் இதுதான். ‘திங்கக்கிழமை வா’ என்பது மறுப்பல்ல, அதனால் அதை எதிர்க்க முடியாது. ‘அடுத்த செமஸ்டர்ல எழுதிடு’ என்பது முடிவல்ல, அதன் மேல் முறையிடவும் முடியாது.

இந்த ஓட்டையை அடைக்கப் பெரிய சட்ட அறிவு தேவையில்லை. நம் தகவல் உரிமைச் சட்டத்திலேயே மருந்து இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே கொள்ளப்படும் என்கிறது அதன் ஏழாம் பிரிவு. மௌனத்தின் மீதே மேல்முறையீடு செய்யலாம். இங்கிலாந்தில் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். உள்விசாரணை முடிந்ததும் ‘எங்கள் நடைமுறை முடிந்தது, இது எங்கள் இறுதி முடிவு’ என்று பல்கலைக்கழகம் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் மாணவர் கட்டணமின்றி வெளித் தீர்ப்பாளரிடம் போகலாம். ஒரு வழி மௌனத்தை மறுப்பாக எண்ணுகிறது, இன்னொன்று மறுப்பை எழுத வைக்கிறது. நம் மாணவர் விதிகள் இரண்டையும் செய்யவில்லை.

பொய்ப் புகார் கொடுத்தவர் மீது நடவடிக்கைக்குக் குறைதீர்ப்பாளர் பரிந்துரைக்கலாம் என்றும் ஒரு வரி உண்டு. ஆசிரியரின் நற்பெயரைக் காக்க அது தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் தராசின் மறுதட்டைப் பாருங்கள். உத்தரவை மதிக்காத பல்கலைக்கழகத்தின் மீது நடவடிக்கை டெல்லியிலிருந்து வர வேண்டும்: மானியம் நிறுத்தம், பொது அறிவிப்பு, மாநில அரசுக்குப் பரிந்துரை. மாணவருக்கான தண்டனை வளாகத்திலேயே காத்திருக்கிறது, நிறுவனத்துக்கான தண்டனை இரண்டாயிரம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

தீர்ப்பு

எடைபோட்டுச் சொல்கிறேன். குறைகளுக்குப் பெயர் கொடுத்ததிலும், எல்லையை அகலமாக வைத்ததிலும், கல்விசார் மதிப்பீட்டுக்கும் முறைகேட்டுக்கும் நடுவே கோடு போட்டதிலும் 2023 விதிகள் தேறுகின்றன. சுதந்திரம், பாதுகாப்பு, அவசரகால நிவாரணம் ஆகிய மூன்றிலும் தேறவில்லை. மௌனத்தைக் கையாள்வதில் முற்றாகத் தோற்கின்றன. மொத்தத்தில் இவை எழுதத் தெரிந்த, துணைக்கு ஆள் உள்ள, காத்திருக்கக்கூடிய மாணவருக்குப் பயன்படும் விதிகள். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவருக்குத்தான் இவை அதிகம் தேவை. அவரைச் சென்று சேரும் விதமாக இவை எழுதப்படவில்லை.

திருத்த ஐந்து காரியம் போதும். குறைதீர்ப்பாளரைப் பல்கலைக்கழகம் அல்லாத ஓர் அமைப்பு நியமிக்கட்டும், மறுநியமனம் வேண்டாம். 2015 விதிகளின் இடைக்காலப் பாதுகாப்பை அப்படியே இங்கும் கொண்டுவரட்டும். தேர்வும் சேர்க்கையும் நெருங்கும்போது இடைக்கால உத்தரவு போடும் அதிகாரம் தரட்டும். கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால் மறுப்பாகக் கொண்டு மாணவரே நேராக மேலே போகட்டும். ஒவ்வொரு உத்தரவையும் பெயர்களை நீக்கி, காரணத்துடன் வெளியிடட்டும்.

அதுவரை மாணவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜன்னலில் பேசுவதைப் பேசுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். இணையதளத்தில் புகாரை ஏற்றி எண்ணைக் குறித்து வையுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கத்துக்குள் மனு எழுதுங்கள். என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த விதி, என்ன வேண்டும் என்ற நான்கு மட்டும் இருந்தால் போதும். தபால் பிரிவில் இரண்டாம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வையுங்கள். வாய்மொழியாக மறுத்தால் அன்று மாலையே ‘இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்’ என்று மின்னஞ்சல் போடுங்கள். நாளை எந்தப் படியேறினாலும் இந்தக் காகிதங்கள்தான் உங்களுக்காகப் பேசும்.

அந்தப் பெண்ணும் அப்படித்தான் எழுதினாள். பதினான்காம் பக்கத்தின் நகலையும் முதல் பக்கத்தின் நகலையும் அருகருகே வைத்துப் பின் அடித்து, முத்திரை வாங்கி வந்தாள். சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தேர்ச்சி பெற்றதாக இரண்டு வரி இருந்தது. கட்டம் ஏன் காலியாக இருந்தது என்றோ, அதே முகாமில் அதே கையால் கூட்டப்பட்ட மற்ற தாள்களை எடுத்துப் பார்த்தார்களா என்றோ ஒரு சொல் இல்லை. அவள் சந்தோஷமாகக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான் மற்ற கட்டுகளில் இருந்த தாள்களை நினைத்துக்கொண்டிருந்தேன். நகல் வாங்கக் காசில்லாமல், காலிக் கட்டத்தைப் பார்க்காமலே, அடுத்த செமஸ்டர் தேர்வுக்குப் பணம் கட்டியவர்கள் அதில் எத்தனை பேரோ.